புளோறன்ஸ் மிஸ்ஸும் கறுத்த மூன்று பிளக்கும்

மணிக்கு இருபது கிலோமீற்றர். வேலை நேரத்தில் புளோறன்ஸ் இந்த வேகத்தைத் தாண்டியது மிகக் குறைவு. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் அவருக்கு வயது ஐம்பத்தாறு. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டப் பழக்குகிறார். காலையில் வெள்ளவத்தை மரைன் ட்ரைவில், ‘எல்’ போர்ட் மாட்டிய அவருடைய வெள்ளைச் சின்னக் கார் ஊர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் போகும் கடலோர ரயிலைத் தவறவிட்டவர்கள் அடுத்த ரயிலில் வந்தும் அதைப் பார்க்கலாம். கார் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

அவருடைய வகுப்பில் சட்டங்கள் இரண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதைக்கக் கூடாது. காரைக் குறை சொல்லக் கூடாது. முதலாவது சட்டத்தை மாணவிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீறுவார்கள், அவரும் கண்டுகொள்ளமாட்டார். இரண்டாவதில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. கார் நின்றால் பிழை கிளச்சில் இருக்கும் காலில்தான். வகுப்பு நேரத்தில் கிளச்சில் புளோறன்ஸின் கால் ஒருநாளும் இருந்ததில்லை என்பதால் இந்தச் சட்டம் அவருக்கு வசதியாகவே இருந்தது.

அதை மீறியும் விட்டுக்கொடுக்காமல் நின்றவர் ஜெஸீமா. கிராண்ட்பாஸில் வீட்டிலேயே கேக் செய்து கலியாண வீடுகளுக்குக் கொடுப்பவர். கேக்கில் மூன்று தட்டு, த்ரீவீலரில் மூன்று சில்லு. ஆனால் இரண்டும் ஒத்துப்போனதே இல்லை. கிராண்ட்பாஸில் நேராக ஏறிய கேக், பம்பலப்பிட்டியில் சாய்ந்துகொண்டுதான் இறங்கும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்துப் பாராட்டினார்கள். மறுமுறை அப்படி யாரும் நினைக்கவில்லை. கணவரின் கார் வீட்டில் சும்மா நிற்கிறது, அவர் வெளிநாட்டில். லைசன்ஸ் ஒன்றுதான் குறை.

அந்த லைசன்ஸுக்கான ட்ரயலில் ஜெஸீமா இரண்டு தரம் தோற்றிருந்தார். முதல் தரம் பின்பக்கமாக எடுக்கும்போது கூம்பில் முட்டினார். அது அவருடைய பிழைதான், அவரே ஒப்புக்கொள்வார். இரண்டாம் தரம் ஒரு சின்ன மேட்டில் புளோறன்ஸின் கார் மூன்று முறை நின்றுபோனது. மூன்றாவது ட்ரயல் மாதக் கடைசியில். அதிலும் தோற்றால் பழகுநர் பத்திரம் காலாவதியாகிவிடும். பிறகு மருத்துவப் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே மேடு ஏறிப் பழகத் தொடங்கினார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கைகள் இதற்கு நல்ல வசதி. ஒருநாள் அப்படியொரு ஒழுங்கையின் நடுவில் கார் குலுங்கி நின்றது.

“மிஸ், இது என்ட கால் இல்ல. கார்தான்.”

“எல்லாருக்கும் கார்தான். போன கிழமை ஒராள் ரோட்டையும் குறை சொன்னா. கிளச்ச மெதுவா விடுங்க.”

மெதுவாக விட்டார். நின்றது. இன்னும் மெதுவாக விட்டார். அப்போதும் நின்றது. பின்னால் ஒரு த்ரீவீலர் ஹோர்ன் அடித்தது.

“அப்ப நீங்க எடுத்துக் காட்டுங்களே மிஸ்.”

இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். புளோறன்ஸ் கண்ணாடியைச் சரிசெய்தார், முதலாம் கியரைப் போட்டார், பாடப்புத்தகத்தில் படம் போடலாம் என்கிற மாதிரிக் கிளச்சை விட்டார். கார் நின்றது. மறுபடியும் முயன்றார். மறுபடியும் நின்றது. த்ரீவீலர்காரர் இறங்கி வந்து ‘எல்’ போர்ட்டைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்த புளோறன்ஸைப் பார்த்தார்.

“நோனா, ஹொந்த டீச்சர் கெனெக் ஹொயாகன்ன” என்றார். நல்ல டீச்சர் ஒருவரைத் தேடிக்கொள்ளச் சொல்லிச் சிங்களத்தில் வந்த அறிவுரை அது. ஜெஸீமா மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இந்தக் கார் புளோறன்ஸின் கைக்கு வந்து எட்டு மாதந்தான். பழைய கார் இனி முடியாது என்று படுத்துவிட, தம்பி மெல்ரோயின் காரை வாங்கியிருந்தார். எண்ணூறு சீசீ, மூன்று சிலிண்டர். மெல்ரோய்க்கு விமான நிலையத்தில் வேலை. தன் கையில் இருந்தவரை அந்தக் காரைத் தினமும் கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் ஓட்டினார். ஒழுங்கையில் கார் நின்ற அன்று பின்னேரம் அவரே வந்து மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். மூன்றும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன.

“பிளக் கறுத்துப் போச்சு அக்கா. மாத்தினாச் சரி. சாம்பிளக் கொண்டு போங்க, அதே நம்பர் தருவாங்க.”

கொழும்பில் காருக்குச் சாமான் வாங்குவது அப்படித்தான். கழற்றியதைத் துணியில் சுற்றிப் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, “இது மாதிரி ஒண்டு” என்று சொன்னால் போதும். காரின் பெயரைக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். புளோறன்ஸும் ஒரு பிளக்கை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு அங்குள்ள பாயிஸின் உதிரிப்பாகக் கடைக்குப் போனார். பாயிஸ் அதைத் துடைத்து, எழுத்தை வாசித்து, அதேபோல மூன்றை எடுத்து வைத்தார். இரண்டு நிமிட வேலை.

ஒரு கிழமை கார் பூனை மாதிரி ஓடியது. புளோறன்ஸ் தன் இரண்டாவது சட்டத்தைத் திரும்பவும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். அடுத்த கிழமை அதே ஒழுங்கையில், அதே இடத்தில், கார் குலுங்கி நின்றது. கழற்றிப் பார்த்தால் புதுப் பிளக் மூன்றும் கறுப்பு.

“அப்ப இரிடியம் பிளக் போடுங்க அக்கா” என்றார் மெல்ரோய். “விலை கூடினதுதானே, திறமா இருக்கும்.”

ட்ரயலுக்கு ஆறு நாள் இருந்தது. இந்தமுறை ஜெஸீமாவும் பஞ்சிகாவத்தைக்கு வந்தார். தன் விதி அந்த டிஷ்யூவுக்குள் சுற்றப்பட்டிருக்கும்போது அதை வேறொருவர் கையில் தனியாக அனுப்ப அவர் தயாராக இல்லை.

பாயிஸ் பிளக்கைப் பார்த்தார். “இது அண்டைக்குக் கொண்டு போனதுதானே? அதுக்குள்ள இப்பிடிக் கறுத்திட்டா? எனத்த கார் மிஸ் இது?”

புளோறன்ஸ் சொன்னார். பாயிஸின் புருவம் ஏறியது.

“அந்தக் காருக்கு ஆறாம் நம்பர்தானே வரும். நீங்க கொண்டு வந்த சாம்பிள் ஒம்பது.”

“அப்ப ஏன் எனக்கு ஒம்பது தந்தீங்க?”

“நீங்க ஒம்பது கொண்டு வந்தீங்க, நான் ஒம்பது தந்த.”

“என்ன கார் எண்டு கேட்டிருக்கலாமே!”

“இந்த ரோட்டுல அப்பிடி ஆரும் கேக்கிறல்ல மிஸ். கேட்டா, இவனுக்குச் சாமான் தெரியா எண்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க. நீங்களே போயிருப்பீங்க.”

புளோறன்ஸ் யோசித்தார். போயிருப்பார்தான்.

ஆறுக்கும் ஒன்பதுக்கும் என்ன வித்தியாசம் என்று ஜெஸீமா கேட்டார். பாயிஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரே உயரம், ஒரே புரி, ஒரே நீளம். எதைப் போட்டாலும் இறுக்கமாகப் பூட்டுப்படும். பிழை வெளியில் தெரியாததற்குக் காரணமே அதுதான். வித்தியாசம் சூட்டில் இருக்கிறது. இந்தக் கம்பனியில் நம்பர் கூடக்கூடப் பிளக் சூட்டை விரைவாக வெளியே விட்டுவிடும். இன்னொரு கம்பனியில் கணக்கு அப்படியே தலைகீழ். அதைக் கேட்டதும் புளோறன்ஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஒரு நேரத்தில் ஒரு கம்பனி போதும்.

“ஒம்பது, பறக்கிற காருக்கு” என்றார் பாயிஸ். “எஞ்சின் மிச்சம் சூடாகும், பிளக் தாங்கோணும். மெதுவா ஓடுற கார்ல போட்டா பிளக் சூடாகாது. சூடாகாட்டிக் கரி எரியாது, அப்பிடியே ஒட்டிக்கொள்ளும். நீங்க எவ்வளவு வேகத்தில போவீங்க?”

புளோறன்ஸ் வாயைத் திறக்க முன் ஜெஸீமா சொன்னார்: “பாயிஸ் நானா, நேத்து எங்கள ஒரு சைக்கிள் முந்திச்சு. அதுக்குப் பொறகு கடல வண்டிலும் முந்திச்சு.”

“கடலை வண்டில் இறக்கத்தில வந்தது” என்றார் புளோறன்ஸ்.

கடையில் நின்றபடியே தம்பிக்குப் போன் எடுத்தார்.

“மெல்ரோய், இந்த ஒம்பதாம் நம்பரை ஆர்டா போட்டது?”

“நான்தான் அக்கா!” குரலில் பெருமை. “ரேஸ் ஓடுற ஆக்கள் போடுற பிளக். லேசில கிடைக்காது.”

“நான் ரேஸ் ஓடுறனாடா?”

“எனக்கு ஒருநாளும் நிக்கவே இல்லையே.”

“உனக்கு எப்பிடி நிக்கும்? நீ கட்டுநாயக்காவுக்குப் பறந்தாய். நான் மரைன் ட்ரைவில தவழுறன். வை போனை.”

இரிடியம் பற்றியும் கேட்டார். அது கூடிய நாள் உழைக்கும், ஆனால் அதிலும் இந்த எஞ்சினுக்கு ஏற்ற நம்பர்தான் வேண்டும், வெறும் பெயருக்காக வாங்காதீர்கள் என்றார் பாயிஸ். ஆறாம் நம்பரில் சாதாரணப் பிளக் மூன்றை எடுத்துக்கொண்டு, சாம்பிள் கழற்றிய இடத்தில் பழைய பிளக்கொன்றைப் பூட்டி வந்த காரிலேயே இருவரும் திரும்பினார்கள். ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. ஸ்டியரிங்கில் இருந்த புளோறன்ஸ் நேரே பார்த்தபடி பேசினார்.

“ஜெஸீமா, ரெண்டாந்தரம் ட்ரயல்ல நிண்டது...”

“கார்.”

“ஓம். கார்தான். உங்கட காலில்ல. எத்தின தரம் உங்கள ஏசியிருப்பன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“மிஸ், அந்தக் கார்தான் எண்டத மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்களே.”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கக் கூடாது.”

ஆறாம் நம்பர் பூட்டியதும் கார் சரியாகிவிட்டது. இப்போது சரியில்லாமல் போனது ஜெஸீமா. நின்றுபோகும் காரோடு இத்தனை மாதம் மல்லுக்கட்டியதில், மேடு வந்தாலே அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க அவருடைய கால் பழகியிருந்தது. புதுப் பிளக்கோடு முதல்முறை மிதித்தபோது கார் அலறிக்கொண்டு ஒழுங்கையில் பாய்ந்தது. மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே போனார்.

“இப்ப காரில பிழை இல்ல” என்றார் புளோறன்ஸ், கதவுப் பிடியை விடாமல். “இப்பதான் உண்மையா உங்கட கால்.”

மிச்சமிருந்த நாட்களில் அவர் வேறெந்த மாணவியையும் எடுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டச் சொன்னார். மிதிக்காமல் கிளச்சை மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் பிடிக்கும் இடத்தைக் காலில் உணரும்வரை, ஒழுங்கையில் ஏறுவதும் இறங்குவதுமாக நாள் போனது. வழக்கமான த்ரீவீலர்காரர் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டுக் கைகாட்டத் தொடங்கினார்.

வெரஹெரவில் ட்ரயல் அன்று, சோதனை அதிகாரியோடு ஜெஸீமா புறப்பட்டுப் போனதும் புளோறன்ஸ் ஒரு மரநிழலில் நின்றார். மேடு அங்கிருந்து தெரியாது. காது கொடுத்துக் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அலறல் கேட்கவில்லை என்பது நல்லது. ஆனால் ஒரேயடியாக நின்றிருந்தாலும் இப்படித்தான் சத்தம் இருக்காது.

பிறகு ஜெஸீமா சொன்னது இது. மேட்டில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தமே காணோம். முடிந்தது, நின்றுவிட்டது என்று நினைத்துச் சாவியில் கை வைத்தார். ஓடுகிற எஞ்சினுக்குச் சாவியைத் திருகியிருந்தால் ட்ரயல் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கிளச்சிலிருந்த இடது காலில் மெல்லிய அதிர்வு வந்தது. கையை எடுத்தார். கிளச்சை விட்டார். கார் ஏறியது. அதிகாரி முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கார் திரும்பி வந்தபோது ஜெஸீமா இறங்காமல் இருந்தபடியே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் கதைத்தார். புளோறன்ஸ் தடுக்கவில்லை. பாஸ்.

ஜெஸீமாவின் மைத்துனி அர்பாவும் கார் பழகப் பெயர் கொடுத்திருக்கிறார். அவருடைய முதல் வகுப்பு வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, மரைன் ட்ரைவில்.