அப்பாவுக்குக் காது கேட்காமல் போன பிறகு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டில் கூடியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எடுத்துச் செல்வதற்காக இந்த மலரை அச்சிட்டிருக்கிறோம். மகள் என்ற முறையில் அவரைப் போற்றி எழுதச் சொன்னார்கள். போற்றுவதற்கு நிறைய உண்டு. ஆனால் அவரோடு நாங்கள் பட்ட பாட்டை மறைத்தால் அது அப்பாவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

அப்பா பிறந்தது பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்துச் சிற்றூரில். ஐந்து வயதில் தாயை இழந்தார். மாடு மேய்த்துக்கொண்டே படித்து, பயிற்சி முடித்து, பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளிக்கு ஆசிரியரானார். எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. மழைக்காலத்தில் ஓடை நிரம்பினால் சட்டையைத் தலையில் சுற்றிக்கொண்டு கடந்து போவார். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்குத் தன் மதியச் சோற்றில் பாதியைக் கொடுத்துவிடுவார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஏன் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறீங்க?" என்று எங்களைத்தான் கடிந்தார். பிள்ளைகள் பாடத்தைத் தப்பாக ஒப்பித்தாலும் சரியென்று தலையாட்டினார். ஒருநாள் பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், "எத்தனை பிள்ளைங்க படிக்கறாங்க?" என்று கேட்டார்.

"கேழ்வரகுதாங்க. இந்த வருசம் சுமார்தான்" என்றார் அப்பா.

வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவேட்டை எடுத்துத் தாமே எண்ணிக்கொண்டார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

அதன் பிறகு வந்த நான்கு ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "நான் என்ன ஒன்னாங்கிளாஸ் பையனா?" என்று பிடுங்கி எறிந்தார். அம்மா உரக்கப் பேசினால், "ஊருக்கே தண்டோராப் போடறியா?" என்பார். மெதுவாகப் பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பார். நிலக்கடலைக் காட்டில் தனியாக நின்று களை எடுப்பார். யார் வந்தாலும் முதுகைக் காட்டிக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் அம்மா என்னிடம், "அந்த எழுத்த எனக்குச் சொல்லிக்குடு கண்ணு. அவரோட பேச எனக்கு வேற வழி தெரியல" என்றார். அம்மாவுக்கு அதுவரை கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அப்பா காட்டுக்குப் போயிருக்கும் மதிய வேளைகளில் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பலப்பம் பிடித்துப் பழகினார்.

அதியமான்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் மனம் ஒத்திருந்தது. அப்போது எங்கள் ஆடு உள்ளே நுழைந்து தாம்பூலத் தட்டில் வாய் வைத்துவிட, மாப்பிள்ளையின் மாமா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா ஆட்டைப் பார்க்கவில்லை, சிரிப்பைத்தான் பார்த்தார். "செவுட்டு வாத்தியார் வூடுன்னு சிரிக்கறீங்களா? எழுந்திரிங்க!" என்று கத்தினார். அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. போய்விட்டார்கள்.

அன்று மாலை அம்மா சிலேட்டில் எழுதி அப்பாவின் மடியில் வைத்தார்: "அவுங்க சிறிச்சது ஆட்ட பாத்து. பொண்ண புடிச்சிறுக்குனு சொன்னாங்க."

தூக்கி எறியப் போகிறார் என்று நான் நினைத்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு பலப்பத்தை வாங்கி, இரண்டு இடத்திலும் பெரிய றகரத்தை அழித்து, சின்ன ரகரமாகத் திருத்தினார். திருத்தியதை மறுபடி படித்தபோதுதான் சொன்ன செய்தி அவருக்குள் இறங்கியது. "நீயா எழுதின?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையசைத்தார். அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் ஏறி அதியமான்கோட்டைக்குத் தனியாகப் போனார். "எனக்குக் காது கேக்காதுங்க. தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்" என்று அவர்கள் முன் நின்று சொன்னாராம். அதை அவர் தன் வாயால் சொன்னது அதுவே முதல் முறை. ஆனால் அவர்களுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. சம்பந்தம் கூடவில்லை.

அதற்குப் பின் அப்பா மாறினார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித்தரச் சொல்லி ஊரார் வருவார்கள். அவர்கள் சொல்வதை அம்மா கேட்டுச் சிலேட்டில் எழுதுவார். அதைப் பார்த்து அப்பா கடிதம் எழுதுவார். அழுகையோடு வந்தவர்கள் சொல்லத் தெரியாமல் விட்டதைக்கூட அவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து எழுதினார். சந்தையில் நின்று, "கேக்காதுங்க, எழுதிக் காட்டுங்க" என்று கூச்சமில்லாமல் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

நான்கு ஆண்டு கழித்து எனக்குப் பொம்மிடியில் திருமணம் நடந்தது. ஒருமுறை அப்பா அங்கே வந்தபோது, "என் வீம்பால ஒன்னை வருசக்கணக்காக் காக்க வெச்சுட்டேன் கண்ணு" என்றார். "இருக்கட்டும்ங்கப்பா" என்று முணுமுணுத்தேன். அவர் என் வாயையே பார்த்துவிட்டு, அருகிலிருந்த சிலேட்டை என் பக்கம் நகர்த்தினார். எனக்குள் கோபம் மிச்சமிருந்தது. எழுதாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுத்த மாதமே காமாலை கண்டு, பத்து நாளில் அப்பா போய்விட்டார்.

கடைசி நாட்களில் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகல் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவிடம் ஒரு சொல் சொல்வதற்காகச் சிலேட்டைக் கேட்டு வாங்கி, பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் காட்டிய ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.