மேலே ஒரு மூட்டு

வலது முழங்கால் என்றுதான் அண்ணன் சொன்னான். உட்பக்கம், முட்டிச் சிரட்டைக்குச் சற்று மேலே. குளச்சலில் அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வள்ளத்தைத் தள்ளி இறக்கும்போதும் திரும்பி வந்து கரையில் குதிக்கும்போதும் கால் பிடிக்கிறது என்றான். நான் நாகர்கோவிலில் ஒரு பிசியோதெரபி மையத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் ஏழெட்டு முழங்கால்களாவது என் கைக்கு வரும். இதுவும் அவற்றில் ஒன்று என்றே நினைத்தேன்.

முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்தவை: மூன்று எலும்புகள், அவற்றைக் கட்டி வைக்கும் நான்கு நார்கள், நடுவே மெத்தை போல இரண்டு பிறை வடிவக் குருத்தெலும்புகள். இடுப்பு மூட்டைப் பற்றித் தெரிந்தவை: தொடை எலும்பின் மேல்முனையில் ஓர் உருண்டை, இடுப்பெலும்பில் அது சுழல்வதற்கு ஒரு குழி. அந்த உருண்டைக்கு ரத்தம் போகும் வழி மிகக் குறுகியது. அது அடைத்தால் உருண்டை உள்ளேயே சாகத் தொடங்கும். இரண்டு மூட்டுகளுக்கும் கிளை கொடுக்கும் நரம்பும் உண்டு. அதனால் இடுப்பு கெட்டாலும் சிலருக்கு முழங்கால்தான் வலிக்கும். ஆகவே வலிக்கும் மூட்டோடு நிறுத்தக் கூடாது. மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் படித்தபோது அண்ணனும் உடன் இருந்தான். ஒரு விடுமுறைக்குத் தொடை எலும்பு ஒன்றைக் கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை வாசலிலேயே தடுத்துவிட்டாள்.

"மாதா படம் இருக்க வீட்டுக்குள்ள செத்தவனுக்க எலும்பா? வெளிய கொண்டு போடுட்டி!"

அண்ணன் அதை வாங்கி, வலை போட்டு வைக்கும் கொட்டகையில் பழைய வலைக்குள் சுற்றி வைத்தான். சாயங்காலங்களில் அங்கே போய்ப் படித்தேன். அவன் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேள்வி கேட்பான். எலும்பின் உருண்டையைத் தன் உள்ளங்கைக் குழியில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பான்.

"நல்ல மசகு போட்ட எஞ்சின் மாதிரில்லா இருக்கு. இவரு எந்த ஊரு அண்ணாச்சியோ, பாவம். நம்ம வலைக்குள்ள வந்து கெடக்காரு."

அன்று முதல் என்னை எலும்பு டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தான். ஏலக்கூடத்தில் மீன் எடுக்க வருகிறவர்களிடமும் அப்படியே சொல்லி வைத்தான்.

அவன் காலை நான் முதலில் பார்த்தது வீட்டின் முன்னறையில். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாயில் படுத்துக் கைலியை முழங்கால்வரை சுருட்டினான். மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், நார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். கணுக்காலையும் பார்த்தேன். மேலே உள்ள மூட்டைப் பார்க்கத் தொடையை வயிற்றுவரை மடக்கித் திருப்ப வேண்டும். கொஞ்சம் தூக்கியதுமே கைலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போதும்ட்டி. இதுக்கு மேல தூக்கினா எனக்க மானம் போயிரும்."

மைனி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தபடி காலைக் கீழே வைத்தேன்.

மையத்தில் எத்தனையோ ஆண்களைப் படுக்கவைத்து, துணியால் மூடி, இடுப்பு மூட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கூசியதில்லை. அண்ணனிடம் கூசியது. நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தாலே போதும். இடுப்பு திரும்புகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கைலி நகர வேண்டியதே இல்லை. அரை நிமிட வேலை. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

மையத்தில் எழுதுவது போலவே அவனுக்கும் ஒரு தாள் எழுதினேன். கணுக்கால்: இயல்பு. முழங்கால்: உட்புற வலி, வீக்கம் இல்லை. இடுப்பு என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டம் எனக்குப் பிடிக்காது. இயல்பு என்று எழுதினேன்.

ஐந்து மாதம் முழங்காலுக்கு வைத்தியம் செய்தேன். மெழுகு ஒற்றடம், தொடைத் தசைக்குப் பயிற்சி, முழங்கால் உறை. முழங்காலுக்கு எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அதற்கிடையில் அவன் சம்மணம் போடுவதை விட்டான். கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவன் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வள்ளத்தில் ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பதை என் கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றையும் முழங்கால் கணக்கிலேயே சேர்த்தேன்.

"பயிற்சி ஒழுங்காச் செய்யியா?" என்று கேட்பேன்.

"செய்யுதேன் மக்கா. ஆனா முட்டுக்குத்தான் ஒனக்க சொல்லு கேக்கல்ல."

செய்தான். சொன்ன எண்ணிக்கை தவறாமல் செய்தான். மைனி சொன்னாள்.

ஒருநாள் கரையில் குதித்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. கூட்டாளிகள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்பின் எக்ஸ்ரே விளக்குப் பலகையில் மாட்டப்பட்டிருந்தது. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உருண்டையின் மேற்பக்கம் தட்டையாகி உள்ளே அமுங்கியிருந்தது.

"ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்திருக்கு" என்றார் டாக்டர். "ஆரம்பத்துல வந்திருந்தா எலும்புல துளை போட்டுக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப மூட்டை மாத்தத்தான் வேணும்."

அண்ணன் தன் பிளாஸ்டிக் உறையை நீட்டினான். மருந்துச் சீட்டுகளும் பழைய எக்ஸ்ரேயும் அதில் இருந்தன. மேலாக என் தாள். டாக்டர் அதைப் படித்தார்.

"இடுப்பு இயல்புன்னு எழுதியிருக்கே. யாரு பாத்தது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் சொன்னான்: "எனக்க தங்கச்சி சார். அவ நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பம் ஒண்ணும் இல்ல. பொறவு வலி வந்தப்பம் நாந்தான் அவகிட்டச் சொல்லல்ல."

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை.

புது மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த அவனுக்கு நானே வாசித்துக் காட்டினேன். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. குதிக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது.

முழுவதும் கேட்டான். பிறகு தாளை வாங்கி, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துத் தானே படித்தான்.

"மக்கா, இதுல வள்ளத்தப் பத்தி ஒண்ணும் போடல்லயே."

"அண்ணே..."

"குதிக்காண்டாம். பயலுவ புடிச்சு எறக்குவானுவ. வலையும் இழுக்காண்டாம், எஞ்சின் புடிச்சிட்டு சும்மா இருப்பேன். இடுப்பப் பத்தி ஒனக்குத் தெரியாததா? நீ சொல்லு. போலாமா?"

கரைக்கு வரும் வள்ளத்தை அலை எப்படித் தூக்கிப் போடும் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளைத் திரும்ப வாங்கினேன். கடைசி வரிக்குக் கீழே ஏழு என்று எண் போட்டேன். வள்ளத்தில் ஏறக் கூடாது என்று எழுதினேன். அவன் அதை ஒருமுறை படித்தான்.

"ஒனக்க கையெழுத்து நல்லா இருக்குட்டி" என்றான்.

மடித்து அதே பிளாஸ்டிக் உறைக்குள், என்னுடைய பழைய தாளின்மேல் வைத்தான்.