முட்டைச் சூடு தெரியாத இரண்டு விரல்கள்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரிக்கிறேன். நாளெல்லாம் குனிந்து உட்காரும் வேலை. போன ஆடியில் கழுத்தும் தோளும் இறுகிக் கட்டையாகிவிட்டன.

“நெட்டி முறிச்சு உட்டா செரியாப் போயிரும் சாமி” என்று, கூட வேலை செய்யும் பாப்பாத்தியக்கா என் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பினார். ‘கடக்’ என்றது. சுகமாகத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் புது முட்டைகள் வந்தன. ஒன்றை எடுத்து, “இது பழசாட்ட இருக்குதுங்கக்கா, சூடே இல்லீங்க” என்றேன். அக்கா வாங்கிப் பார்த்தார். “இப்ப இட்டது புள்ள. சுடுதே!”

என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருந்தன. தான் கழுத்தைத் திருப்பியதால்தான் என்று அக்கா அழுதார். எனக்குப் பயம்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இனி யாரும் கழுத்தைத் திருப்பக் கூடாது என்றார் டாக்டர். வலி அடங்கியதும் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்.

இப்போது மணிக்கொரு முறை நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, காதைத் தோள் பக்கம் மெதுவாகச் சாய்க்கிறேன். இழுப்பது தெரிந்ததும் நிறுத்தி, பத்து எண்ணிவிட்டு, மறுபக்கம் சாய்க்கிறேன். கையால் இழுப்பதில்லை. வலித்தால் விட்டுவிடுகிறேன். இறுக்கம் குறைந்திருக்கிறது.

தினமும் முதல் முட்டையை எடுக்கும்போது, “சூடு தெரியுதா சாமி?” என்று அக்கா கேட்கிறார்.

இன்னும் தெரியவில்லை. “தெரியுதுங்கக்கா” என்றுதான் சொல்கிறேன்.