முத்திரை குத்தாத சான்றிதழ்

சிவகாமி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, கிராம அலுவலரான நான் வேறொருவருக்கு வதிவிடச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். அது சனம் வந்துபோகும் நாள், அலுவலக வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். தொலைபேசியில் சாம்பல்தீவிலிருந்து அவருடைய தம்பியின் மகன். "விதானையார், மாமி விடியக்காலமை மோசம் போயிட்டா. நித்திரையிலேயே போயிருக்கிறா" என்றார். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். முன்னால் இருந்தவர் தன் சமயத்தை நான் கேட்பேன் என்று காத்திருந்தார். அந்தக் கட்டத்தை நான் ஏற்கெனவே நிரப்பியிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அதே மருமகன் கேட்டிருக்கிறார். அக்காவை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? இங்கிலாந்தில் நீண்டகாலம் தாதியாக இருந்துவிட்டு லிங்கநகருக்குத் திரும்பி வந்தவர். எங்கள் தெரு ஒழுங்கைக்குள் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே வந்து கட்டிலருகே கதிரை இழுத்துப் போட்டு உட்காருபவர். என் மனைவியின் நீரிழிவுக்கு என்னைவிட அவருக்குத்தான் கூடிய கவலை. ஆனால் எனக்கும் அவருக்கும் இடையில் ஆறு வருடமாக ஒரு வழக்கு நடந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் உத்தியோகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டவுடன் இனம், சமயம் இரண்டையும் நாங்களே எழுதிவிடுவோம். இந்த ஊரில் அதற்கு மூளை தேவையில்லை, காது இருந்தால் போதும். அக்கா முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான். நமசிவாயம் சிவகாமசுந்தரி என்றார். "இந்து" என்று எழுதி, முத்திரை குத்தி, மேலொப்பத்துக்கு அனுப்பிவைத்தேன். பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அடுத்த கிழமை அதே தாளோடு வந்து நின்றார்.

"விதானையார், இதிலை ஒண்டு பிழை. நான் இந்து இல்லை."

கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டார் போலும் என்று நினைத்தேன். "வேதத்திலை சேர்ந்திட்டியளோ அக்கா?" என்றேன். இல்லையாம். விக்காவாம். அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன். பேகன் என்பது பெரிய குடும்பம், விக்கா அதற்குள் ஒரு வீடு என்று விளங்கப்படுத்தினார். அம்மனும் உண்டு, ஐயனும் உண்டு. நிலவையும் பருவங்களையும் பார்த்துச் சடங்கு செய்வார்கள். ஒருத்தருக்கும் கேடு செய்யக்கூடாது என்பது முதல் விதி. தலையாட்டினேன், ஒன்றும் விளங்கவில்லை. தாளை மாற்றவும் இல்லை. "அவசரத்துக்கு உதவும், வைச்சிருங்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு போயா தினத்தன்று, பௌர்ணமிப் பின்னேரம், அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவியின் மருந்து பற்றிக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னாலும், என்னதான் செய்கிறார் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. முற்றத்தில் நாலு திசைக்கும் நாலு மெழுகுதிரி. நடுவில் ஒரு கிண்ணத்தில் கடல் தண்ணீர், பக்கத்தில் பாண் துண்டுகள். கீழே துறைமுகத்தில் கப்பல்களுக்கு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வேலியோரம் வந்து நின்று, மெல்ல உள்ளே வந்து படையலைத் தின்றது. அக்கா துரத்தவில்லை.

"மான் தின்னுதே அக்கா!"

"தின்னட்டும். பிறகு ஆருக்கு வைச்சனான்?"

எனக்கு இன்னும் குழப்பம் கூடியது. "நாங்களும் பறுவத்துக்கு விளக்கு வைக்கிறம், மரத்தைக் கும்பிடுறம், அம்மனைக் கும்பிடுறம். அப்ப இதுவும் எங்கட சமயம்தானே? ஏன் வீணாப் பிடிவாதம்?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரித்தார். "நீங்கள் நல்ல மனுசர், விதானையார். ஆனா காணுற எல்லாத்தையும் உங்கட பைக்குள்ளை போட்டிடுவியள். எனக்கெண்டு ஒரு பை வேணும்" என்றார்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் சொன்னார். அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த ஒரு கிழவர் படிவத்தில் பேகன் என்று எழுதியிருந்தாராம். சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. எழுதியிருந்தபடியால் அக்கா தொலைபேசி எடுத்து அந்தச் சமயத்து ஆளை அழைத்தார். வந்தவர் வேலையிலிருந்து இளைப்பாறிய பஸ் சாரதி. அங்கியும் இல்லை, மணியும் இல்லை. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரின் ஆற்றையும் மரங்களையும் பற்றி விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தாராம். "அந்த ஒரு சொல் எழுதியிருந்தபடியால் அந்த மனுசன் தனியச் சாகேல்லை" என்றார் அக்கா. "அதுக்குப் பிறகுதான் இவை ஆர் எண்டு நான் தேடிப் போனனான்."

"அங்கை இதைச் சட்டப்படி சமயம் எண்டு எடுத்திருக்கினமோ?" என்று கேட்டேன். என் புத்தி அரசாங்கப் புத்தி.

"சில இடத்திலை ஓம், சில இடத்திலை இழுபறி. ஆஸ்பத்திரியிலை, சிறைச்சாலையிலை கேட்டால் ஆள் வரும். சில ஊரிலை கலியாணமும் எழுதலாம். இஞ்சை எனக்கு அவ்வளவு பெரிசா ஒண்டும் வேண்டாம். என்ர செத்தவீடு எப்பிடி நடக்கவேணும் எண்டு கடிதம் எழுதி வைச்சிருக்கிறன். கடிதத்தை ஆர் நம்புவினம்? உங்கட முத்திரையைத்தான் நம்புவினம்."

அதன்பிறகும் நான் இழுத்தடித்தேன். செயலகத்தில் வாய்ப்பேச்சாக விசாரித்தபோது, பட்டியலில் இல்லாததற்கு "வேறு" என்று போடச் சொன்னார்கள். அதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவர் முகம் வாடியதைக் கண்டேன். "ஆருக்கு வேறு, விதானையார்? எனக்கு நான் வேறு இல்லையே." கடைசியில், போன மாசியில், அவர் முன்னாலேயே புதிய தாள் எடுத்து, சமயம் என்ற கட்டத்தில் "விக்கா" என்று எழுதினேன். அக்கா அதை இரண்டுதரம் வாசித்துப் பார்த்தார். ஆனால் நான் முத்திரை குத்தவில்லை. மேலே ஏதும் கேட்பார்களோ, உத்தியோகத்திலிருந்து இளைப்பாற எட்டு மாதம் இருக்கும்போது எதற்கு வில்லங்கம் என்ற பயம். "ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தாறன்" என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். "ஓம், அவசரமில்லை, ஆறுதலாத் தாங்கோ" என்று எழும்பிப் போனார்.

செத்தவீட்டில் மருமகன் இரண்டு தாள்களோடு என்னிடம் வந்தார். ஒன்று அக்காவின் கடிதம். ஐயர் வேண்டாம், எரிக்க வேண்டாம், கடல் தண்ணீரால் கழுவி நாலு மெழுகுதிரிக்கு நடுவில் வையுங்கள், வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லுங்கள், பிறகு மண்ணுக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். மற்றது ஆறு வருடத்துக்கு முந்திய என் சான்றிதழ். ஆறு மாதத்தில் காலாவதியாகும் தாள் அது. செத்தவீட்டில் யார் திகதி பார்க்கிறார்கள்?

"மாமி கடைசிக்காலத்திலை கொஞ்சம் தடுமாறிப்போனா எண்டு சொந்தக்காரர் சொல்லினம். கடிதத்திலை ஒண்டு இருக்கு, உங்கட சீலிலை வேறை ஒண்டு இருக்கு. எது சரி, விதானையார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயர் முற்றத்தில் காத்திருந்தார். "சான்றிதழ் நான் எழுதினதுதான்" என்றேன். அது உண்மை. அந்த உண்மையைப்போல ஒரு பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. சுண்ணம் இடித்தார்கள், தேவாரம் பாடினார்கள், பின்னேரம் கொண்டுபோய் எரித்தார்கள். அவர் மனம் நொந்திருக்குமா, அல்லது மானைப் பார்த்துச் சிரித்ததுபோலச் சிரித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய சமயம் என்னவென்று இன்றைக்கும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்காத ஒன்றை எழுதிக்கொடுக்கலாம் என்பது மட்டும் காலம் பிந்தி விளங்கியிருக்கிறது. நான் எழுதிக்கொடுத்திருந்தால் அந்தக் கிழவருக்கு வந்ததுபோல அக்காவுக்கும் ஒருவர் வந்திருப்பார். வேறு யாருமில்லை, நானே வந்திருக்கலாம்.

இப்போதெல்லாம் வருகிற ஒவ்வொருவரிடமும் "சமயம் என்ன?" என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ன விதானையார், இவ்வளவு காலமாத் தெரியும், என்னட்டைப் போய்க் கேக்கிறியள்?" என்று சினக்கிறார்கள். சினக்கட்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியும், லாச்சிக்குள் கிடக்கும் அந்தத் தாளும்தான். மருமகன் இதை அப்படியே அச்சுக்குக் கொடுப்பாரோ தெரியாது. கொடுத்தால், மலரின் அட்டையில் இருக்கும் குத்துவிளக்கைத் தாண்டி இந்தப் பக்கம்வரை வருகிறவர்கள் இதை வாசிக்கட்டும். முத்திரை இல்லை, மேலொப்பம் இல்லை, கையெழுத்து மட்டும் என்னுடையது.

பெயர்: நமசிவாயம் சிவகாமசுந்தரி. வதிவிடம்: லிங்கநகர். சமயம்: விக்கா.

கேட்டு எழுதியது.