காய்ந்த குச்சியில் ராஸ்பெரி

இலை ஒன்றுகூட இல்லாத காய்ந்த குச்சி. அதன் நுனியில், குல்லா மாட்டியதுபோல், சிவந்த ராஸ்பெரிப் பழம் ஒன்று. அப்ஹாவில் நான் கண்டவற்றில் இந்த அளவுக்கு மனதில் நிற்பது வேறெதுவும் இல்லை. வளைகுடா என்றால் மணலும் வெக்கையும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சவூதியின் தென்மேற்கில், மலைமேல் இருக்கும் இந்த ஊரில், குளிர்காலத்தில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் டியூட்டிக்குப் போவோம்.

அந்தச் செடியின் சொந்தக்காரர் எங்கள் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர். இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவர், என் பக்கத்து வீட்டுக்காரர். அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்கள் முற்றம் முழுக்க சிமெண்ட். மதிலோரம் மட்டும் ஒரு பாத்தி அளவுக்கு மண். அதில் அவர் ராஸ்பெரி வைத்தபோது கம்பெனியே சிரித்ததாம். செடி காய்த்தது. ஒரு கிண்ணம் எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அண்ணனின் நடையே மாறிவிட்டதாக அக்கா சொல்வார்.

நான் அங்கே குடிபோன காலத்தில் செடிக்கு வயதாகிவிட்டது. முதலில் பழம் சிறுத்தது. பிறகு பூவும் நின்று, குச்சிகள் காய்ந்தன. அக்கா புதிய கன்றுகளை வாங்கி வந்துவிட்டார். பைகளுக்கு வெளியே வேர் எட்டிப்பார்க்கத் தொடங்கியது. இருப்பதோ அந்த ஒரு பாத்திதான்.

“காய்ச்ச செடிய வெட்டக்கூடாது. குடும்பத்துக்கு ஆகாது” என்றார் அண்ணன்.

“அது காய்ச்சப்போ நம்ம மக பள்ளிக்கூடம் போனா. இப்போ அவ பிள்ளை பள்ளிக்கூடம் போகுதுங்க.”

முடிவில் ஓர் ஒப்பந்தம் ஆனது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பழமாவது தென்பட்டால் பழைய செடி நிற்கும். இல்லையென்றால் அண்ணன் தன் கையாலேயே அதைத் தோண்டி எடுக்க வேண்டும். தினமும் டைரி எழுதுபவன் என்பதால் என்னைச் சாட்சியாக வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். மூன்று குச்சிகளின் நுனியில் மூன்று பழங்கள். முந்தின நாள் மாலை அங்கே மொட்டுகூட இல்லை. ராஸ்பெரியின் நடுவில் குழி இருக்கும். எந்தக் குச்சியிலும் அழகாகப் பொருந்திவிடும். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பழத்தைத் தொட்டார்.

“ஐஸ் மாதிரி இருக்கே தம்பி!”

“ராத்திரி பனி” என்றார் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. மூன்றையும் பறித்து ஆளுக்கொன்று கொடுத்தார். “சொன்ன சொல்லு சொன்னதுதான். செடி நிக்கட்டும். தினமும் காலையில எனக்குக் கிண்ணம் நெறையப் பழம் வந்தாப் போதும்.”

அன்று முதல் விடியும் முன்பே முற்றத்தில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. டியூட்டி முடிந்ததும் வீட்டுக்கு வராமல் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினார். அக்கா தவறாமல் கிண்ணத்தோடு வந்து நின்றார். கடையில் ராஸ்பெரி தீர்ந்துபோன மறுநாள், குச்சிகளில் ஸ்ட்ராபெரி காய்த்திருந்தது.

“மண்ணு ரொம்ப நல்ல மண்ணுங்க” என்றார் அக்கா. “நாளைக்கு ஆப்பிள் வந்தாலும் வரும்.”

அண்ணன் மண்வெட்டியை எடுத்தார். பழைய வேர் லேசில் வரவில்லை. அக்காவின் முகத்தில் இருந்த கேலி மெல்ல மறைந்தது. பிடுங்கிய குச்சிகளைக் குப்பைக்கு எடுத்துப் போன என்னைத் தடுத்தார். “வீசாதீங்க தம்பி.” நல்ல குச்சிகளாகப் பொறுக்கி, புதுக்கன்றுகளுக்கு ஊன்றுகோலாக நட்டார். அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகக் கட்டினார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பி வெகுகாலமாகிறது. அவர்கள் நட்ட அந்த வரிசை இப்போது என் பொறுப்பில். அதற்கும் வயதாகிவிட்டது, பழம் சிறுக்கிறது. போன வாரம் அக்கா போனில், “புதுசு வச்சிட்டீங்களா?” என்று கேட்டார். வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு நட்டுவிடுவேன் என்றேன்.

பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது: “அவசரப்பட வேணாம்னு சொல்லு. இன்னொரு வெள்ளிக்கிழமை பாக்கட்டும்.”