மன்-என் வருடமும் ஒமினேயின் படகும்

எங்கள் துறையில் படகு விடுகிற ஒமினே அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை, குருவின் மைக்கிண்ணத்தில் தவளையை விட்ட அன்று கோயில் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். இருக்கிற பாதியை வைத்து அவளைப் பற்றி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஆற்றைக் குறை சொல்லுங்கள்.

அவள் மேலாற்றில் மரம் மிதக்கவிடுகிறவரின் மகள். எங்கள் ஊருக்குக் கல்யாணப் பெண்ணாக வந்த அன்று மணப்பெண் படகு மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளை யோசுகே பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப என்ன பண்றது?" என்று நின்றார். பெண் பட்டாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீரில் குதித்து, படகைத் தள்ளி, திரும்ப ஏறி உட்கார்ந்து, தலையைக் குனிந்து வெட்கப்பட்டாள். முதலில் தள்ளினாள், அப்புறம்தான் வெட்கப்பட்டாள். அந்த வரிசையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

பதினாறு வருடம் இருவரும் சேர்ந்து படகு விட்டார்கள். யோசுகே பேசமாட்டார், அக்கா நிறுத்தமாட்டாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எத்தனை முழம் ஆழம் என்று சொல்வாள். பயந்த குழந்தை ஏறினால் அதன் கையில் துடுப்பின் நுனியைக் கொடுத்து, "நீதான் படகோட்டி, என்னை விழ விட்டுடாதே" என்பாள். அப்படிப் படகோட்டியானவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நான் இல்லை. நான் பயப்படவே இல்லை. கொஞ்சம்தான் பயந்தேன்.

எங்கள் நாட்டில் வருடங்களுக்கு அரசவை பெயர் வைக்கும்; புன்கியூ என்று பெயரிட்ட இரண்டாம் வருடக் கோடையில் தட்டம்மை வந்தது. யோசுகேவைக் கொண்டுபோயிற்று. இலையுதிர்காலம் தொடங்கும் முன்பே, எதிர்க்கரையில் சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் மொகுபே ஒரு தாளோடு வந்தார். துறை உரிமையை யோசுகே உயிரோடு இருக்கும்போதே தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். கீழே யோசுகேவின் முத்திரை சிவப்பாக இருந்தது. சாவு வீட்டில் காகிதக் காரியங்களை எல்லாம் மொகுபேதான் முன்னின்று பார்த்தார், முத்திரைப் பெட்டி மூன்று நாள் அவர் மடியில்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரியும். ஆதாரம் இல்லாமல் ஒருவராலும் சொல்ல முடியாது.

படகு போனால் துறையோரக் குடிசையும் போகும். அக்கா பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணி அளந்து போடுகிற சோற்றைத் தின்று கிடக்க வேண்டியதுதான்.

ஒன்பதாம் மாதம் ஊர்த்தலைவர் தோகுஜிரோ வீட்டுக் கூடத்தில் விசாரணை. இரண்டு கரை ஆட்களும் வந்து குவிந்தோம். நான் உத்தரத்தின் மேல் உட்கார்ந்தேன், கீழே இடமில்லை.

தலைவர் தாளை விரித்துப் படித்தார். "துறை உரிமையை மொகுபேவிடம் மனமுவந்து ஒப்படைக்கிறேன். மன்-என் முதல் வருடம், இரண்டாம் மாதம், பத்தாம் நாள். யோசுகே."

மொகுபே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒன்றும் இல்லை. "ரெண்டு வருசம் முந்தி அவன் கால் ஒடிஞ்சு படுத்திருந்தான். நான்தான் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினேன். 'அண்ணே, இனி என்னால ஆகாது'ன்னு கையைப் பிடிச்சான்."

"கால் ஒடிஞ்சது நெசந்தான்" என்றாள் அக்கா. "ஐயா, அந்தத் தேதியை இன்னொரு தடவை படிங்க."

தலைவர் படித்தார்.

"இன்னொரு தடவை."

"ஏம்மா ஒமினே, எத்தனை தடவை படிச்சாலும் எழுத்து மாறாது" என்றார் மொகுபே.

"மாறக்கூடாது. அதான் எனக்கு வேணும். மொகுபேய்யா, அந்த வருசம் நாம எத்தனை தடவை புத்தாண்டு கொண்டாடினோம்?"

மொகுபே வாயைத் திறக்குமுன் கூட்டம் கத்திவிட்டது. "ரெண்டு!"

இரண்டுதான். ஒரு வருடம் பொல்லாததாக இருந்தால், நடுவிலேயே இன்னொரு புத்தாண்டு கொண்டாடி அதை ஏமாற்றி வழியனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்செய் என்ற பெயரோடு வந்த வருடங்கள் அத்தனையும் நிலநடுக்கமும் வாந்திபேதியும் தீயுமாகப் போயின. தலைநகர் மியாகோவில் அரசவை பெயரை மாற்றி, மன்-என் என்று வைத்தது. பத்தாயிரம் ஆண்டு நீளட்டும் என்று அர்த்தமாம். ஒரு வருடம்தான் நீண்டது, பாவம். ஆனால் பெயர் மாறிய சேதி வந்தபோது ஊரே துள்ளிக் குதித்தது. வாசலில் தேவதாரு நட்டு, அரிசி வேகவைத்து, புத்தாண்டுக்கான மோச்சி உருண்டைக்கு இடித்தோம்.

"அந்த மோச்சியில நீங்க எத்தனை தின்னீங்க?" என்றாள் அக்கா.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பதினாலு!" என்றான் எதிர்க்கரைக் கூடைமுடைகிறவன். "பதினஞ்சாவது தொண்டையில மாட்டிச்சு!"

"அப்ப முதுகுல ஒண்ணு வச்சு அதை வெளியே எடுத்தது யாரு?"

"யோசுகே!" என்றது கூடம் முழுவதும். "ஊன்றுகோலோட வந்து வச்சாரு!"

மொகுபே சிரித்துப் பார்த்தார். "ஆமா, உயிரைக் காப்பாத்தினான். அந்த நட்புலதான் துறையையும்..."

"இருங்க. மோச்சி என்னிக்கு இடிச்சோம்?"

கூடம் யோசித்தது. சோயா அரைக்கும் கிழவி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "மூணாம் மாசம் முடிஞ்சு, கூடுதலா இன்னொரு மூணாம் மாசம் வந்துச்சே, அதுலதான். நடவுக்கு நாத்து விட்ட நேரம்."

"சேதி கொண்டுவந்த ஆளை அக்கரையிலேர்ந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அக்கா. " ஆத்து நடுவுலயே அவன் வாயைப் பிடுங்கி விசயத்தைக் கேட்டுட்டேன். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நமக்கு அது என்ன வருசம்?"

"அன்செய் ஏழு" என்றார் தலைவர். சொல்லிவிட்டுத் தாளையே பார்த்தார். கண் பெரிதாகிக்கொண்டே போனது.

அக்கா எழுந்து நின்றாள். "ரெண்டாம் மாசம் கால் ஒடிஞ்சு படுத்துக்கிடந்த என் புருசன், அரசரே இன்னும் வைக்காத பேரை எப்படி எழுதினாரு? அவரு அவ்வளவு பெரிய ஞானின்னு தெரிஞ்சிருந்தா நான் தினம் திட்டியிருக்க மாட்டேனே!"

உத்தரம் குலுங்கியது. அது நான் சிரித்ததால்.

மொகுபேவின் காது சிவந்தது. "அட, என்ன பேசறே நீ! புதுப் பேர் வந்த பின்னாடி அந்த வருசம் முழுக்க மன்-என்னுன்னுதானே எல்லாரும் சொல்றோம்! பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாரு, முதல் மாசத்துலேர்ந்தே அப்படித்தான் கணக்கு!"

"ஆமா. பின்னாடி சொல்றோம்." அக்காவின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "அப்ப இதையும் பின்னாடிதான் எழுதினீங்களா?"

மொகுபே எதையோ விழுங்கினார். இந்தத் தடவை முதுகில் வைக்க யோசுகே இல்லை.

தலைவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பெயர் மாறிய அறிவிப்பைக் கொண்டுவந்தார். வந்து சேர்ந்த நாளை அதன் ஓரத்தில் அவரே எழுதியிருந்தார். கூடுதல் மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மொகுபேவின் தாளை நான்காகக் கிழித்தார். அப்புறம் உட்கார்ந்து புதுத் தாள் ஒன்றை எழுதினார். துறை உரிமை ஒமினேவுக்கு. இன்னாரின் விதவை என்று எழுதவில்லை. ஒமினே என்றுதான் எழுதினார். எனக்குத் தெரிந்த பாதியில் அந்த எழுத்துகள் இருந்தன, மேலேயிருந்தே படித்துவிட்டேன்.

அக்கா தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். யாரும் திருத்தவில்லை. நான்கூட.

வெளியே வந்தால் இரண்டு கரையும் அவளைத் தூக்காத குறை. கூடைமுடைகிறவன் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேளமாக அடித்தான். கடைசியாக மொகுபே தலையைக் குனிந்தபடி துறைக்கு வந்தார். வீட்டுக்குப் போக வேறு வழியில்லை, பாலம் இரண்டு நாள் நடைதூரத்தில் இருக்கிறது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏறுங்க, மொகுபேய்யா. அரசருக்கு முன்னாடியே சேதி தெரிஞ்ச ஆளு. உங்களை நனையவிட்டா நாட்டுக்கே நஷ்டம்."

அவர் ஏறினார். எதிர்க்கரைக்காரர்கள் ஏறினார்கள், எங்கள் கரைக்காரர்களும் சும்மா போய்வர ஏறினார்கள். படகு விளிம்புவரை தண்ணீரில் அமுங்கியது. எனக்கு இடமில்லை, பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு நீந்தியபடியே போனேன். அவள் முகத்தைப் பார்க்க அதுதான் நல்ல இடம். நடு ஆற்றில் கழியை ஓங்கி ஊன்றி, "வழி விடு, ஒமினே படகு வருது!" என்று அவள் கத்தினாள். எதிரில் ஒரு வாத்துகூட இல்லை. ஆனாலும் ஆறு முழுவதும் வழிவிட்டது.