பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிய லூர்து மேரி

நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பதிமூன்று வயதில் லாரி கிளீனர். இன்றைக்கு ஒரகடத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் இரண்டு பஸ்கள் என் பெயரில் ஓடுகின்றன. அதில் ஒன்றை இந்த அறுபத்திரண்டு வயதிலும் நானே ஓட்டுகிறேன். எவன் சிபாரிசிலும் வந்ததில்லை. பதினாலு வருஷமாக இந்த அண்ணாதுரை பஸ் எவருக்காகவும் ஒரு நிமிஷம் நின்றதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் என் பஸ் கிளம்புவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

இப்படிப்பட்டவன் இன்னொருத்தரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அவள் பெயர் லூர்து மேரி.

மேரிக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது பென்னலூர். வாழ்க்கைப்பட்டு வந்தது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய குடியிருப்புக்கு. புருஷன் டெனிசனுக்கு சென்ட்ரிங் வேலை. மகள் ஜெர்சி நர்சிங் படிக்கிறாள். மேரிக்கு எங்கள் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்டில். பதினொரு வருஷமாகத் துடைப்பமும் கையுமாகத் தரையைப் பார்த்தே நடந்தவள். எட்டாவது வரை படித்திருக்கிறாள். விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகள் ஆடும்போது டீச்சர் இவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிடுவாராம். "குடத்தோட ஓடுனா தண்ணி சிந்துமே அண்ணாத்தே. நடந்தே பயகிட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

என் பஸ் போகும் வழியைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாதா கோயில் ஸ்டாப்பில் மேரி ஏறுவது ஆறு இருபதுக்கு. அங்கிருந்து ஏரியைச் சுற்றிப் போய், ஹாஸ்டலில் இருக்கும் தெற்கத்திப் பையன்களை ஏற்றிக்கொண்டு, முருகன் கோயில் அலங்கார வளைவுக்கு ஆறு முப்பத்திரண்டுக்கு வருவேன். சுற்று நாலு கிலோமீட்டர். ஏரிக்கரை மேல் குறுக்கே போனால் அதே வளைவு ஒன்றரை கிலோமீட்டர்தான். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கே கம்பெனி கேட்டில் நிற்பேன்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பஸ்ஸில் வந்தவருக்கு, பஸ் எத்தனை தாமதமானாலும் லேட் மார்க் கிடையாது. தனியாக வருகிறவர் ஏழு மணியைத் தாண்டினால் மார்க். ஒரே மாதத்தில் மூன்று விழுந்தால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை போய்விடும்.

போன ஜனவரியில் டெனிசன் சாரத்திலிருந்து விழுந்து கால் வீங்கிப் படுத்தான். அந்த அலைச்சலில் இரண்டு நாள் பஸ்ஸை விட்டு இரண்டு மார்க் வாங்கிவிட்டாள் மேரி. அந்த வாரத்திலேயே இன்னொரு நாள். நான் திருப்பத்தில் வண்டியை ஒடிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், கையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நிறுத்தவில்லை. நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து வளைவில் வந்து நிற்கிறேன். எதிரே மேரி. செருப்பு கையில், கொண்டை அவிழ்ந்து தோளில், மூச்சு இரைக்கிறது. ஆனால் சிரிக்கிறாள்.

"இன்னா மேரி, பறந்தா வந்தே?"

"ஓடியாந்தேன் அண்ணாத்தே." படியேறியும் சிரிப்பு அடங்கவில்லை. "ஏரி ரொம்பி கீது. நான் ஓட ஓட கொக்கெல்லாம் எயுந்து எயுந்து போவுது. இத்தினி வருசம் இங்கதான் கீறேன், ஒரு நாளும் பாக்கல."

மறுநாள் சரியான நேரத்துக்கு ஸ்டாப்பில் நின்றாள். கதவைத் திறந்தேன். சாப்பாட்டுப் பையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இத்த எட்துக்கினு போ அண்ணாத்தே. நான் வளைவாண்ட ஏறிக்கிறேன்."

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைமேல் ஏறிவிட்டாள். காலில் கம்பெனி கொடுத்த சேப்டி ஷூ, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். பஸ் முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. பை பஸ்ஸில், ஆள் கரையில். ஹாஸ்டல் ஸ்டாப் தாண்டினால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவள் ஓடுவது தெரியும். தூங்கி வழியும் பையன்கள் எல்லாரும் வலது பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். வள்ளியூர்க்காரப் பையன் இசக்கிதுரைதான் அவர்களுக்குத் தலைவன்.

"அண்ணாச்சி, எக்கா முந்திட்டாவ. ஒங்க வண்டில டீசல் ஊத்துனியளா, மோர் ஊத்துனியளா?"

எனக்கு எப்படி இருக்கும்? என் பஸ்ஸில் இடம் கிடைக்காதா என்று ஏங்கியவர்கள் உண்டு. வேண்டாம் என்று இறங்கி ஓடினவர் இவள் ஒருத்திதான். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தேன் என்பதை மறைக்கவில்லை. அப்படியும் பல நாள் அவள் எனக்கு முன்னால் வந்து, வளைவு நிழலில் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

ஒரு நாள் கண்டித்தேன். "ரெண்டு மார்க்க வெச்சிக்கினு இன்னாத்துக்கு இந்த வெளாட்டு? கால் தடுக்குனா வேல பூடும்மே."

"தெரியும் அண்ணாத்தே. நாள் பூரா குனிஞ்சிக்கினே கீறேன். இந்தப் பத்து நிமிசந்தான் நிமிந்து கீறேன். இத்தயும் வுட சொல்றியா?"

ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த மாதத்தின் கடைசி வேலைநாள். ஆறு முப்பத்திரண்டுக்கு வளைவில் நிறுத்தினேன். மேரி இல்லை. அவள் பை என் சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறது. முன்னே பார்த்தால், புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று தொலைவில் ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

"அண்ணாச்சி, எக்கா வார வரைக்கும் நிப்பாட்டுங்க" என்றான் இசக்கிதுரை.

"இந்த வண்டி எவனுக்கும் நின்னதில்ல" என்றேன். சொல்லும்போதே இன்ஜினை அணைத்திருந்தேன்.

இசக்கிதுரை கரைமேல் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "கண்ணுக்கு எட்டுன மட்டும் ஆளே இல்ல." ஐந்து நிமிஷம் நின்றேன். அதற்குமேல் மற்றவர்களை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. நகர்ந்து, நின்று, நகர்ந்து, கேட்டுக்குப் போகும்போது ஏழு இருபது. வழியெல்லாம் அந்தப் பை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

கேட்டுக்கு உள்ளே, பஸ் நிறுத்தும் இடத்தில், ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"ஏன் லேட்டு அண்ணாத்தே?" என்றாள் லூர்து மேரி.

பையன்கள் பஸ்ஸைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். செக்யூரிட்டி ரகுபதி நோட்டைத் திருப்பிக் காட்டினார். மேரி உள்ளே வந்தது ஆறு ஐம்பத்துநாலு. வளைவிலிருந்து மூன்று கிலோமீட்டரையும் ஓடியே வந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "பஸ்லயே குந்திக்கினு வந்திருந்தா மார்க்கே வுழாது. ஏழு நிமிசம் தப்பியிருந்தா வேல காலி. தெரியாதா உனக்கு?"

"தெரியும். வளைவாண்ட வந்தேன். முன்னாடி வண்டிங்கல்லாம் நிக்குது. காலு மட்டும் நிக்கல அண்ணாத்தே."

அதற்குள் ரகுபதி பேனாவைத் திறந்து, "அண்ணாதுரை பஸ் லேட். முதல் தடவை. காரணம்?" என்றார்.

"டிரெய்லர் மாட்டிக்கிச்சுன்னு எழுது."

"எக்காவுக்காவ அஞ்சு நிமிசம் நின்னதையும் எழுதுங்க சார்" என்றான் இசக்கிதுரை.

மேரி துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கோசரமா நின்னே?"

"எழுதிக்க" என்றேன் ரகுபதியிடம்.

மாதம் மாறி அவளுடைய மார்க்குகள் அழிந்துவிட்டன. என் பஸ்ஸின் லேட் மட்டும் அந்த நோட்டில் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். இப்போது மாதா கோயில் ஸ்டாப்பில் மேரியின் பையோடு இன்னும் மூன்று பெண்களின் பைகளும் ஏறுகின்றன. மேரிக்கு ஜெர்சி லேசான ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நானும் அந்தக் கரைமேல் ஏறினேன். கொக்குகள் எழுந்து போகத்தான் செய்கின்றன. வளைவு வரை இருபத்தாறு நிமிஷம், அதில் பாதி ஓட்டம். அறுபத்திரண்டு வயதில் இந்த நேரம் யாருக்கு வரும்? கேட்டுப் பாருங்கள்.